மேல் லயத்துக் காய்ச்சல்

அன்று தேயிலை எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் மருதாசலம் தன் மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் மெட்ராஸ் ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருந்த டாக்டர் டக்ளஸ். சுவரோரம் ஸ்டூலில், எட்டு வாரத்து மஸ்டர் என்கிற வருகை ஏடுகளை மடியில் அடுக்கிக்கொண்டு ஹெட் கிளார்க் முத்துவேல். டாக்டருக்கு இடது பக்கம், டிஸ்பென்சரியிலிருந்து நானே தூக்கி வந்திருந்த முக்காலியில் கம்பவுண்டரான நான். கங்காணி செல்லையா கதவை ஒட்டி நின்றார். அவருக்கு உட்கார எதுவும் போடவில்லை. போட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டார்.

மேசைமேல் விரித்திருந்தது நான் வரைந்த கட்டத்தாள். அதில் இரண்டு கோடுகள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான இரண்டு லயங்களில், சிவப்பு கீழ் லயத்துக்கு, நீலம் மேல் லயத்துக்கு. பிப்ரவரி கடைசி வாரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் கிளம்புகின்றன. மூன்றாம் வாரம் சிவப்பு எழும்பத் தொடங்கி, ஐந்தாம் வாரம் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்குகிறது. அந்த உச்சிப் புள்ளி வைத்த வாரத்தில்தான் கீழ் லயத்து ராசு செத்துப்போனார். காய்ச்சல் கண்ட நான்காம் நாள், கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டு ஜீப் வருவதற்குள். நீலக் கோடோ எட்டு வாரமும் தாளின் அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"பாருங்க," என்றார் டாக்டர். "ஒரே எஸ்டேட், ஒரே தண்ணி, ஒரே வேலை. நடுவுல ஒரு வண்டிப்பாதை. ஊசி போட்ட பக்கம் தரை, போடாத பக்கம் மலை. இத்தனை சுத்தமா ஒரு கணக்கு நான் பார்த்ததே இல்ல, மிஸ்டர் சில்வஸ்டர்."

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பத்து வருஷத்தில் அவர் அப்படித் தலையை ஆட்டியது அன்றுதான். முத்துவேல் கூட எட்டிப் பார்த்தார். செல்லையா மட்டும் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் தொடங்கியது ஜனவரியில். பந்தலூர் பக்கம் இன்ஃப்ளுயன்சா பரவுகிறது என்று தெரிந்ததும் டாக்டர் டக்ளஸ் எண்பது தடுப்பூசியோடு வந்தார். மற்ற லயங்களையும் சேர்த்து எஸ்டேட் முழுவதற்கும் அறுநூறு வேண்டும். எண்பதை வைத்துப் பலன் தெரிகிறதா என்று பார்ப்பது, தெரிந்தால் ஜூன் மழைக்கு முன்னால் அறுநூறும் அனுப்புவது என்று ஏற்பாடு. அவர் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும்? அந்த ஒரு எண்ணைப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல். இரண்டு என்றால் இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். வழியில் ஊசி போட்ட ஒருவர் நின்றால் அந்தக் கிளை அங்கேயே முறிந்துவிடும். போதுமான கிளைகள் முறிந்தால் காய்ச்சலுக்குப் போக இடமில்லாமல் போகும். இதை வைத்து நானே ஜூன், ஜூலைக்குப் புள்ளிக்கோடு ஒன்றும் போட்டிருந்தேன். மழை பிடித்து, கதவை அடைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரும் நாட்களில் காய்ச்சல் மறுபடி எழும்பும் என்று அது சொன்னது. இந்த முறை சிவப்பை விட உயரமாக.

யாருக்கு ஊசி என்ற பேச்சு வந்தபோது, மஸ்டரில் ஒரு பெயர் விட்டு ஒரு பெயருக்குப் போடலாம் என்றார் டாக்டர். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு லயத்தையே நிறுத்திப் போட்டுட்டா ஒரே காலைல முடிஞ்சு போகுமுங்க," என்றார். எனக்கும் அதுவே வசதியாகப் பட்டது, பத்திகள் கலையாது. அப்படித்தான் மேல் லயத்து முப்பத்தேழு காம்பராக்களில், அதாவது ஓரறை வீடுகளில், காம்பராவுக்கு இரண்டு பேராக எழுபத்து நாலு பேருக்குப் போட்டோம். கீழ் லயத்து இருபத்து மூன்று காம்பராக்களின் நாற்பத்தாறு பேருக்கு இல்லை. மிச்சம் ஆறு ஊசி மேனேஜர் பங்களாவுக்குப் போனது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

காய்ச்சலை எண்ணுவது எப்படி என்பது அடுத்த சிக்கல். சளிக்காய்ச்சலுக்கு யாரும் டிஸ்பென்சரிக்கு வருவதில்லை. கொத்தமல்லிக் கஷாயம் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். எனவே மஸ்டரை எடுத்துக்கொண்டோம். காலையில் பெயர் கூப்பிடும்போது யார் வரவில்லையோ அவர்கள் காம்பராவுக்குப் போய் உடம்பைத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்வேன். எட்டு வாரம், ஞாயிறு நீங்கலாக ஒரு நாளும் தவறவில்லை. கீழ் லயத்தில் நூற்றுப் பதினெட்டுக் காய்ச்சல் நாட்கள். மேல் லயத்தில் முப்பத்தொன்று. தலைக்குக் கணக்கிட்டால் ஊசியால் நூற்றுக்கு எண்பத்து நாலு பங்கு குறைந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கையாலயே ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க," என்றார் டாக்டர் எழுந்துகொண்டே. "அட்டவணை, மஸ்டர் நகல் ரெண்டும் வேணும். திங்கட்கிழமை டைரக்டர் முன்னால வைக்கிறேன். இல்லேன்னா அந்த அறுநூறு வேற ஜில்லாவுக்குப் போயிடும்."

"மஸ்டர் நகல்ல நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க," என்றார் மேனேஜர். "ஏனுங்க சில்வஸ்டர், லெட்டரை ஒட்டாம ட்ரேல வெச்சிருங்க. ஆபீஸ் பையிலயே போகட்டும்."

அது திங்கட்கிழமை.

அன்றே பதினொரு மணிக்கு மேல் லயத்துக்குப் போனேன். அன்றைக்கு வராதவர் ஒரே ஒருவர், இருபத்தொன்பதாம் காம்பரா. அவருக்குக் காலில் முள். காய்ச்சல் இல்லை என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டு கதவு தள்ளி இருமல் கேட்டது. வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருமல் கேட்க வேண்டிய காரணமில்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகள் இருக்கும், வயதானவர்கள் இருப்பார்கள். எட்டு வாரமும் அப்படி எத்தனையோ இருமலைக் கடந்து போயிருக்கிறேன். வராதவர்களின் காம்பராவுக்குத்தான் போவேனே தவிர வந்தவர்களின் காம்பராவுக்கு நான் ஏன் போகப்போகிறேன்? அன்று போனதற்குக் காரணம், டாக்டர் பாராட்டியதில் மனம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் காம்பராவில் சாக்குமேல் சின்னம்மை என்ற பெண் படுத்திருந்தாள். என் கையிலிருந்த தாளில் சின்னம்மை அன்று காலை மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். அவள் பெயருக்கு நேரே முத்துவேலின் சாய்ந்த டிக் இருந்தது.

"நீ மலைக்குப் போயிருக்கியே," என்றேன்.

"போயிருக்கேன் ஐயா," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல்.

நெற்றி கொதித்தது. நூற்று இரண்டரை. நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது. அவள் தங்கை தெய்வம்மா, கொழுந்துக் கூடையோடு. பத்து மணிக் கொழுந்தை எடைக்குப் போட்டுவிட்டு, அக்காவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுக்க ஓடி வந்திருக்கிறாள். அவளுக்கு மஸ்டரில் பெயர் கிடையாது.

"கம்பவுண்டரையாவா? என்னமோ துரைதான் வந்துட்டாருன்னு பயந்துட்டேன்," என்று கூடையை இறக்கினாள்.

"எத்தன நாளா நீ போற?"

"இந்த தடவயா? நாலு நாளா. அதுக்கு முந்தி மாசியில ஒரு அஞ்சு நாளு, அவளுக்கு மொதோ காய்ச்ச வந்தப்ப. அப்பறம் எனக்கே வந்துருச்சு. அப்ப எங்க சின்னையா மக போனா."

"ஊசி போட்டும் ரெண்டு தடவ காய்ச்சலா?"

தெய்வம்மா அக்காவைப் பார்த்தாள். பிறகு ரவிக்கையின் இடக் கையைச் சற்று மேலே ஏற்றி, தழும்பு இருக்கிறதா என்பதுபோல் தானே பார்த்துக்கொண்டாள். "ஊசி அன்னைக்கும் அவளுக்கு இடுப்புக் கடுப்பு. பேரு கூப்ட்டாக, நான்தான் கைய நீட்டுனேன். ஒங்க கொப்பி நோட்டுல இருக்கற பெருவெரல் ரேகையும் என்னதுதான். ரெண்டு நாளு கை வீங்கிப்போய் கெடந்துச்சே, ஒங்ககிட்டத்தானே வந்து காட்டுனேன்?"

காட்டியிருந்தாள். 'சின்னம்மை, இடது புயம், வீக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்க்காமல் புயத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

"இந்த லயத்துல இப்படி எத்தன பேரு?"

"ஐயாவுக்குத் தெரியாதா?" அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "தெரிஞ்சுதான் கண்டுக்காம போறீங்கன்னு நெனச்சோம். எங்காளுங்க நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லிக்கிட்டு திரியுறாங்க ஒங்கள."

செல்லையாவைத் தேடிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினேன். கோபத்தில் ஏறியதால் மூச்சு வாங்கியது. சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தெய்வம்மா சொல்லிட்டாளா?" என்றார்.

"கங்காணி, காலையில அங்கதானே நின்னீங்க? டாக்டர் அப்படிப் பேசறாரு, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"யார்ட்ட சொல்ல? துரை மேசைக்கு முன்னால நின்னு சொல்றதா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கள இங்க அனுப்பறதுக்கு முந்தி அங்க சிலோன்ல, வயசு வந்த அத்தன பேருக்கும் காலைல பேரு கூப்புடற பெரட்டுல பேரு உண்டு ஐயா. இங்க வந்தா குடும்பக் கார்டுக்கு ரெண்டு பேருன்னுட்டாங்க. வீட்டுல கொழுந்து எடுக்கத் தெரிஞ்ச கை ஆறு இருக்கு. மிச்சம் நாலு கைய என்ன செய்ய, அடுப்புல வைக்கவா? ஒருத்திக்கு முடியலைன்னா இன்னொருத்தி போறா. கொழுந்துக்கு என்ன ஐயா தெரியும், எவ கிள்ளுனான்னு."

"கீழ் லயத்துல அப்படி இல்லியே."

"அங்க ஆளு ஏது? அவுக எல்லாம் மொதோ கப்பல்ல வந்தவுக. பாதிக் குடும்பம் இன்னும் அங்கதான் கெடக்கு. காம்பராவுக்கு ரெண்டு பேரு, மிஞ்சிப்போனா மூணு. முடியலைன்னா முடியலைன்னுதான் படுத்துக்கணும். ராசு பொண்டாட்டி மூக்கம்மாவுக்குப் பதிலுக்குப் போக யாரு இருக்கா?"

கையிலிருந்த மஸ்டர் தாளை மறுபடி பார்த்தேன். நீலக் கோடு படுத்துக் கிடந்தது ஊசியால் அல்ல. மேல் லயத்தில் காய்ச்சல் வந்தவர்களுக்குப் பதிலாக வேறு பெண்கள் கூடை கட்டிக்கொண்டு போனதால். ஊசி போட்டவர்கள் என்று நான் எழுதியிருந்த எழுபத்து நாலு பேரில் எத்தனை பேர் உண்மையில் ஊசி போட்டவர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. எட்டு வாரமாக நான் எண்ணியது காய்ச்சலை அல்ல. ஒரு வீட்டில் எத்தனை பேர் மிச்சம் என்பதை எண்ணியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து டாக்டருக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. அதற்குள் மேனேஜரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், மஸ்டர் கணக்க வெச்சு எண்பத்து நாலுன்னு சொல்றது சரியா இருக்குமான்னு ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

மேனேஜர் பேனாவைத் திருகிக்கொண்டு என்னையே பார்த்தார். "வேலைக்கு வந்தவங்களுக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம்," என்றேன்.

"அது ரெண்டு லயத்துக்கும் பொதுதானே? மஸ்டர்ல சந்தேகம்னா மேனேஜரக் கேளுங்க. பக்கத்துலதான இருப்பாரு? நல்லா வந்திருக்கிற கணக்க நீங்களே ஏன் கலைக்கிறீங்க? டைரக்டர் ரொம்பக் கண்டிப்பானவர். கணக்கு ஆடுதுன்னு தெரிஞ்சா ஒரு ஊசி கூட…" மீதியை லைன் தின்றுவிட்டது.

போனை வைத்ததும் மேனேஜர், "மஸ்டர்ல என்னுங்க கோளாறு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

"பேர் கூப்பிட்டா ஆள் கை தூக்குது. இதுல என்ன பொய் இருக்க முடியும்?" பேனாவை மூடினார். "ஆள் மாறாட்டம்னு ஒரு பேச்சு மட்டும் என் காதுல உழுந்துச்சு, அந்தக் குடும்பத்துப் பேரையே வெட்டிருவேனுங்க. மேலிடத்துல எனக்குப் பதில் சொல்லி மாளாது. நீங்க லெட்டரை எழுதுங்க."

எழுதினேன். எண்பத்து நாலு என்றே ஒரு தாள் எழுதி, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்தேன். அதை ட்ரேயில் வைத்தால் போதும், அறுநூறு வந்துவிடும். வந்து? மறுபடி மஸ்டரில் பெயர் கூப்பிடுவார்கள், அன்று எவள் வந்தாளோ அவள் கையை நீட்டுவாள், பெயரில்லாதவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி இருமிக்கொண்டு கிடப்பார்கள். என் எண்பத்து நாலை நம்பி இன்னொரு எஸ்டேட்டில் பாதிப் பேருக்குப் போட்டால் போதும் என்று யாராவது பெருக்கிப் பார்ப்பார்கள். உண்மையை எழுதினாலோ ஊசியே வராமல் போகலாம், முப்பது குடும்பத்தின் பெயர் வெட்டுப்படலாம். இப்படி ஒரு கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

உண்மையான எண் எனக்கு வேண்டும். யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், கேட்கிற இடத்தில் சொல்ல வேண்டி வரும். இதைப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் பிலோமியிடம்தான் சொன்னேன். குன்னூர்க்காரி, கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள், ரகசியம் தங்கும். மேல் லயத்துத் தாய்மார்கள் எல்லாரும் பால் கொடுக்க அங்கே வந்துதான் ஆக வேண்டும், ஆபீஸ் கண்ணும் அங்கே படாது. காலியான பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டுத் தொட்டில்களுக்கு நடுவில் வைத்தோம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் தேயிலைக் கொட்டைகளை ஒரு முறத்தில் பக்கத்தில் கொட்டினோம். நான் காய்ச்சலை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து, உங்கள் காம்பராவில் காய்ச்சலுக்காக வேறு ஆள் மலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொட்டை. கைக்குழந்தை இல்லாத காம்பராவுக்கு அடுத்த வீட்டுக்காரி போடலாம். ஒன்றும் எழுத வேண்டாம், பேச வேண்டாம்.

செவ்வாய் மாலை டின்னில் நாலு கொட்டைகள் இருந்தன.

"பயப்படறாங்க சார்," என்றாள் பிலோமி. "இதைக் கொண்டுபோய் நீங்க தொரைகிட்ட குடுத்துருவீங்களாம்."

"அவர் கொட்டைய வெச்சு என்ன பண்ணுவாரு?"

"அதைத்தானுங்க நானும் கேட்டேன். மொளைக்க வெச்சுப் பாப்பாருங்கறாங்க."

செல்லையா வந்து டின்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எலெக்சன் முடிஞ்சு ஒரு மாசமாச்சே, இன்னும் ஓட்டுப் பொட்டியா?" என்றார். ஆனால் அன்று மாலை கொழுந்து நிறுக்குமிடத்தில் அவர் என்ன சொன்னாரோ, புதன்கிழமை காலையிலிருந்து கொட்டை விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் கண்ணில் படக்கூடாது, யாரும் என் கண்ணிலும் படக்கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பின்பக்கம் முதுகைக் காட்டி நின்றேன். ஒவ்வொருத்தியாக, குழந்தையை ஒரு மார்பிலிருந்து இன்னொரு மார்புக்கு மாற்றுகிற நேரத்தில், கை நீண்டு டின்மேல் போய் வந்தது என்று பிலோமி பிறகு சொன்னாள். தகரத்தில் ஓசை எழ எழ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நீலக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மூக்கம்மா வந்தாள். அவளுக்குத் தொட்டிலில் குழந்தை இல்லை. உள்ளே வராமல் வாசலில் நின்று, "எங்க லயத்துக்கு ஊசியும் இல்ல. இப்ப கொட்டையும் இல்லியாக்கும்?" என்றாள்.

நான் பின்பக்கத்திலிருந்து சுற்றி வந்தேன். "உங்க லயத்துக் கணக்கு என்கிட்ட சரியா இருக்கும்மா. அது மறையல."

"மறையாது. மறைக்க ஆளில்ல." முறத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "அவரு செத்த வாரத்த தாள்ல எங்க வச்சிருக்கீங்கன்னு கங்காணி சொன்னாரு. உச்சியிலயாமே."

"ஆமா."

"சரி. அங்கியாவது இருக்கட்டும்." கொட்டையை முறத்திலேயே போட்டுவிட்டுப் போனாள்.

வியாழன் மாலை டின்னைப் பிரித்தோம். ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு கூழாங்கற்கள், ஒரு குழந்தையின் கைவேலையாக இருக்கக்கூடிய பாதி பிஸ்கட். இவற்றை விலக்கிவிட்டு எண்ணினால் தொண்ணூற்றாறு. யாராவது கூடுதலாகப் போட்டிருக்கலாம், பயந்து குறைத்திருக்கலாம். பொத்தானும் ஒரு நாளாக இருக்கலாம். மஸ்டரில் பதிந்த முப்பத்தொன்றோடு கூட்டினால் நூற்று இருபத்தேழு நாட்கள். தலைக்கு வகுத்து, கீழ் லயத்தோடு ஒப்பிட்டேன். குறைந்தது எண்பத்து நாலு அல்ல, முப்பத்து மூன்று. மூன்றில் ஒரு பங்கு. இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை பிலோமியை விட்டு வகுக்கச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது.

"கொறைவுங்களா?" என்றாள்.

"ஒண்ணுமில்லாததுக்கு மேல. சொன்னதுக்குக் கீழ."

"மூணுல ஒருத்தர் தப்பிச்சா, அந்த ஒருத்தருக்கு அது முழுசுதானுங்களே சார்." குனிந்து தொட்டில் துணிகளை உருவிக்கொண்டே, "பேரில்லாத பெரியவங்க மேல் லயத்துல எழுவத்தொரு பேருங்க. பிள்ளைகளைக் கொண்டாந்து உடறதே அவங்கதான். நீங்க கேக்கவே இல்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை டிஸ்பென்சரிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் இப்படி வந்தது:

'ஐயா, கீழே கண்டுள்ள அட்டவணையில் மஸ்டர் கணக்கைச் சேர்க்கவில்லை. அதை நோயின் கணக்காகக் கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நேரில் கேட்டால் தங்களுக்கு மட்டும் சொல்வேன். எழுத்தில் தரமாட்டேன், தரும்படி யாரும் உத்தரவிட்டாலும் தரமாட்டேன். வேறு வழியில் நான் எடுத்த எண்ணிக்கைப்படி பலன் நூற்றுக்கு முப்பத்து மூன்று. இதிலும் பிழை இருக்கலாம், கூடலாம், குறையலாம். மழைக்காலத்துக்கு நான் போட்ட புள்ளிக்கோட்டையும் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். மேல் லயத்தில் நாம் நினைத்ததைவிட அதிகம் பேருக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டதால் அந்தக் கோடு முன்பு இருந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்கு போதாது என்று டைரக்டர் நினைத்தால், கீழ் லயத்தில் இறந்தவர் ஒருவர் என்பதை அவரிடம் சொல்லவும். ஊசி அனுப்புவதானால் அறுநூறு போதாது, அறுநூற்று எழுபத்தொன்று வேண்டும். மஸ்டரில் நிறுத்திப் போடக்கூடாது. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் போய், உள்ளே இருப்பவர்களை எண்ணிப் போட வேண்டும். அதை நானே செய்கிறேன்.'

படித்துப் பார்த்தேன். டாக்டர் எரிச்சலோடு இதை மேசைமேல் எறிவது தெரிந்தது. கணக்கு ஆடுகிறது. ஆடாத கணக்கு ஒன்று இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து நான்காக மடித்து, ஸ்டெரிலைசர் அடுப்பில் போட்டேன்.

ஆபீஸைக் கடக்கும்போது முத்துவேல் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, லெட்டர் எங்கீங்க? மஸ்டர் நகல்ல சார் கையெழுத்துப் போட்டாச்சு. பை பன்னெண்டுக்குக் கட்டிருவேன்."

"இன்னும் முடியலீங்க."

"எண்பத்து நாலுன்னு எழுத எத்தன நாளுங்க உங்களுக்கு?" என்று சிரித்தார்.

உறை என் சட்டைக்குள் இருந்தது. குறுக்குப்பாதையில் இறங்கி, சேரம்பாடிக்கு முக்கால் மணி நடை. வழியில் கீழ் லயத்துப் பெண்கள் கவாத்து வெட்டிய குச்சிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு எதிரே ஏறினார்கள். மூக்கம்மா அவர்களில் இருந்தாள். எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

போஸ்ட் ஆபீஸில் கூட்டமில்லை. மலையாளியான போஸ்ட்மாஸ்டர் குரியன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தபால் பையைக் கட்டும் நிலையில் இருந்தார்.

"எந்தா கம்பவுண்டரே, நேரிட்டு வந்துட்டீங்க? எஸ்டேட் பை வரலியா?"

"இது தனி. ரிஜிஸ்டர் போஸ்ட்."

"பஸ் இப்போ வரும். வேகம் தா."

அங்கேயே நின்று உறையை ஒட்டினேன். பசை காய்ந்திருந்தது, நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தேய்த்தேன். அவர் வாங்கித் தராசில் வைத்து, ஸ்டாம்பைக் கிழித்து, ரசீதை எழுதினார். அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி உறையின் முதுகில் சொட்டவிட்டார். சிவப்பு பரவி நிற்பதற்குள் அவருக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்பக்கூட நேரமில்லை. உள்ளங்கையை வாயில் வைத்து, தோள் குலுங்கக் குலுங்க இருமினார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"ரெண்டு திவசம். சாரமில்ல. வீட்ல எல்லாருக்கும் உண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் உறையை நிமிர்த்திப் பிடித்து முத்திரையை அழுத்தினார். பிறகு அதை மற்ற கடிதங்களோடு பைக்குள் இறக்கி, வாயைச் சுருக்கிக் கட்டினார். வளைவில் ஹார்ன் கேட்டது. கண்டக்டர் ஓடும் பஸ்ஸிலிருந்தே கையை நீட்ட, குரியன் படியில் நின்றபடி பையை வீசினார். பஸ்ஸுக்குள் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் நின்ற ஆட்கள் தலைக்குமேல், பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே முன்பக்கம் போனது.